கொளத்தூர் மீன் நாகர்கோவில் போகும்போது

(பள்ளி அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலருடைய பள்ளியில் மீன்தொட்டி இருக்கும். இல்லையென்றால் ஒரு காலத்தில் இருந்திருக்கும். இப்போது அதற்குள் சாக்பீஸ் பெட்டிகளும் சுருட்டிய வரைபடங்களும் இருக்கும். சிரிக்கிறீர்கள், ஆக நான் சொன்னது சரிதான். தொட்டி ஏன் காலியானது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வாங்கிட்டு வந்து ஒரு வாரத்துக்குள்ள எல்லாம் செத்துப் போச்சு சார்." ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருப்பார்கள். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே ஓடிவந்து பார்ப்பார்கள். மீன் மிதந்துகொண்டிருக்கும். நாம் சொல்லும் காரணம் "ஆக்சிஜன் பத்தலை" என்பதாகவோ, "நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்கலை" என்பதாகவோ இருக்கும்.

நெடுந்தூரம் பையில் வந்த மீனைப் பொறுத்தவரை அந்த முதல் காரணம் பெரும்பாலும் தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன். சரியாகக் கட்டிய பையில் ஆக்சிஜன் தேவைக்கு மேல் இருக்கிறது. மீனைக் கொல்வது அது தானே வெளியிட்ட கழிவு. அந்தக் கழிவு பயணத்தின்போது பெரும்பாலும் சும்மா இருந்துவிடுகிறது. நாம் பையைத் திறந்தபிறகுதான் நஞ்சாகிறது.

முதலில் பை கட்டுவதைப் பார்ப்போம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் மொத்த வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற இடம். அங்கும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்யப்படும் மீன்கள் மாநிலம் முழுக்கப் போகின்றன. நாகர்கோவில் அங்கிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் 12 மணி நேரத்துக்கு மேல். கடையில் ஏற்றுவது, இங்கே இறக்குவது, யாராவது போய் எடுத்து வருவது எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பழகிய கை மீன் கட்டுவதை நின்று கவனியுங்கள். அனுப்பப்போகும் மீனுக்கு முதல் நாளே தீனியை நிறுத்திவிடுவார்கள். இது கஞ்சத்தனம் இல்லை; வயிறு காலியாக இருந்தால் பையில் கழிவு குறையும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை. அடி மூலைகளை முடிந்தோ ரப்பர் பேண்டு போட்டோ மழுக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் சின்ன மீன் மூலை மடிப்பில் சிக்கி நசுங்கும். முள் துடுப்புள்ள கெளுத்தி வகை என்றால் இரண்டு பைக்கும் நடுவே செய்தித்தாள். மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். பிறகு பையை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, சிலிண்டர் குழாயை நுழைத்து ஆக்சிஜனை நிரப்பி, வாயை முறுக்கி ரப்பர் பேண்டைச் சுற்றுவார்கள். தெர்மாகோல் பெட்டியில் பையைப் படுக்கவைப்பார்கள். நிற்கும் பையைவிடப் படுத்த பையில் நீரின் மேற்பரப்பு அதிகம், வாயு கரையும் இடமும் அதிகம். பேருந்து குலுங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீர் அசைய அசைய ஆக்சிஜன் கரைவது எளிதாகிறது.

இப்போது ஒரு கணக்கு. கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். கணித ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

30 டிகிரி செல்சியஸில், காற்றோடு சமநிலையில் உள்ள 1 லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம். ஒரு கிராம் எடையுள்ள மீன் ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அத்தகைய 20 மீன்களை, மேலே வாயுவே இல்லாமல், ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு மூடினால் 7.5ஐ 20ஆல் வகுக்க வேண்டும். 22 நிமிடம்தான். கொளத்தூரிலிருந்து பெரம்பூர் போவதற்கே போதாது.

அதே ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேலே 2 லிட்டர் தூய ஆக்சிஜன் இருந்தால்? அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஆக்சிஜன் வாயுவின் நிறை சுமார் 1.3 கிராம். இரண்டு லிட்டருக்கு 2600 மில்லிகிராம். 20ஆல் வகுத்தால் 130 மணி நேரம். ஐந்து நாளைக்கு மேல்! மேலும், காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். பையில் இருப்பது முழுக்க ஆக்சிஜன். எனவே நீரில் கரைவதும் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுகிறது. மேல்நிலை வேதியியலில் ஹென்றி விதி என்று ஒரு மதிப்பெண் வினாவாகப் படிக்கிறார்களே, அது இங்கே உயிரோடு நீந்துகிறது.

சில உள்ளூர்க் கடைகளில் சிலிண்டர் இருக்காது. வெறும் காற்றை அடைத்துக் கட்டித் தருவார்கள். பக்கத்துத் தெருவுக்கு அது போதும். பிள்ளைகள் வாயால் ஊதிக் கட்டுவதை மட்டும் தடுத்துவிடுங்கள். நாம் வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 16 சதவீத அளவுக்குக் குறைந்து, கார்பன் டைஆக்சைடு 4 சதவீத அளவுக்குக் கூடியிருக்கிறது.

சரி, ஐந்து நாளைக்கு ஆக்சிஜன் இருக்கிறது. பிறகு ஏன் ஒரு நாள் பயணத்தில் வந்த மீன் சாகிறது?

மீன் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடை விடுகிறது. பை மூடியிருப்பதால் அது வெளியே போக வழியில்லை. ஒரு பகுதி நீரில் கரைந்து கார்பானிக் அமிலம் உண்டாகிறது. கட்டும்போது pH 7.5 இருந்த நீர் மறுநாள் 6.5க்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருக்கும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் அம்மோனியா. நாம் நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். மீன் அதைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே, செவுள் வழியாக, இடைவிடாமல் வெளியேற்றுகிறது. தீனி போடாவிட்டாலும் இது நிற்பதில்லை, குறையத்தான் செய்யும். ஆற்றில் அது ஓடிப்போகும். பையில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கிறது. ஒன்று அம்மோனியா மூலக்கூறு. இது செவுளை எளிதில் கடந்து உள்ளே போகும் கொடிய நஞ்சு. மற்றது, ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்ட அம்மோனியம் அயனி. இதன் தீங்கு மிகக் குறைவு. எந்த உருவில் எவ்வளவு இருக்கும் என்பதை pH தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் pH 8 என்றால் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் நஞ்சு உருவில் இருக்கும். pH 7இல் அது சுமார் 0.6 சதவீதம். pH 6.5இல் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. 8க்கும் 6.5க்கும் இடையே ஏறக்குறைய 30 மடங்கு வித்தியாசம்.

மீனின் ஒரு கழிவு இன்னொரு கழிவைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது புரிகிறதல்லவா? கார்பன் டைஆக்சைடு நீரை அமிலமாக்கி, அம்மோனியாவை அம்மோனியமாக மாற்றி வைத்திருக்கிறது. அளவாக மீன் போட்ட பை என்றால் வழி முழுக்க இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும்.

பெட்டி பள்ளிக்கு வருகிறது. பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்கள். ரப்பர் பேண்டை அவிழ்க்கிறோம். அடைந்திருந்த கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. pH ஏறுகிறது. "மீன் புதுத் தண்ணிக்குப் பழகட்டும்" என்று தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் ஊற்றுகிறோம். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். பல இடங்களில் அதன் pH 8ஐ ஒட்டியே இருக்கும். அந்த நீர் pH-ஐ மேலும் ஏற்றுகிறது. ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த அம்மோனியம் மீண்டும் நஞ்சாக மாறுகிறது, மீன் அதற்குள்ளேயே இருக்கிறது. அக்கறையோடு ஒரு மணி நேரம் பழக்குகிறோம். அந்த ஒரு மணி நேரம்தான் அதற்குக் கேடு.

இதை வகுப்பில் காட்ட மீனே வேண்டாம். மீனை வைத்துக் காட்டவும் கூடாது. ஒரு கோலி சோடா போதும். உடைத்தவுடன் ஒரு துளியை pH தாளில் வையுங்கள். குவளையில் ஊற்றி அரைமணி நேரம் கலக்கிவிட்டு மறுபடி ஒரு துளி. தாளின் நிற மாற்றத்தைப் பிள்ளைகளே சொல்வார்கள். வாயு போனால் அமிலத்தன்மை குறைகிறது. பிறகு பையின் கதையைச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக்குக்கூடப் புரியும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெட்டியை வெளிச்சம் குறைந்த இடத்தில் திறங்கள். ஒரு நாள் இருட்டில் கிடந்த மீன் திடீர் வெளிச்சத்தில் மிரளும். பையை அவிழ்க்காமல் அப்படியே தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். வெப்பநிலை சமமாகிவிடும். பிறகு திறந்து, தாமதிக்காமல் வலையால் மீனை எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதைச் செடிக்கு ஊற்றலாம், நல்ல உரம். pH திடீரென்று மாறுவதும் மீனுக்கு அதிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் வளர்க்கும் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் போன்றவற்றுக்கு அம்மோனியாவில் கிடப்பதோடு ஒப்பிட்டால் அது சிறிய தொல்லை. உள்ளூர்க் கடையில் வாங்கி அரைமணி நேரத்தில் கொண்டுவந்த மீனுக்கு இந்த அவசரம் தேவையில்லை. அந்தப் பையில் அம்மோனியா சேரவே நேரம் இருந்திருக்காது. நிதானமாகவே நீரைக் கலந்து பழக்கலாம். புத்தகங்களில் படிக்கும் அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஒருவர் பக்கத்துக் கடை மீனை நினைத்து எழுதியிருப்பார், இன்னொருவர் விமானத்தில் வந்த மீனை.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. வெப்பம் 10 டிகிரி கூடினால் மீனின் உடலியக்க வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது: ஆக்சிஜன் செலவு, அம்மோனியா, எல்லாமே இரட்டிப்பு. நீரில் கரையும் ஆக்சிஜனோ குறைகிறது. தெர்மாகோல் பெட்டி குளிரூட்டுவதில்லை, வெப்பம் புகுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். கோடையில் வரவழைக்க நேர்ந்தால், உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைச் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, பைகளைத் தொடாமல் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ஏப்ரல், மே மாதங்களில் வரவழைக்கவே வேண்டாம். எப்படியும் பள்ளி விடுமுறை.

ஃபைட்டர் மீன் தனி வகை. செவுளோடு கூடவே, மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்க அதற்கு ஓர் உறுப்பு உண்டு. குராமிக்கும் அப்படியே. அதனால் சின்னப் பையில், கொஞ்சம் நீரில், மேலே காற்று இருந்தால் வந்து சேர்ந்துவிடும். ஆண் மீன்களை மட்டும் தனித்தனிப் பையில் போட வேண்டும். பாலிதீன் பையும் ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லாத காலத்தில், 1869இல், கார்போனியே என்பவர் பாரிசில் வளர்க்கத் தொடங்கிய சீன நாட்டுப் பாரடைஸ் மீனும் இந்தக் குடும்பம்தான். 

இனி நீர்ச்செடி. பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மீன் பையில் ஒரு கொத்து ஹைட்ரில்லா போட்டு அனுப்பினால் மீனுக்கு நல்லதா, கெட்டதா?" எல்லாரும் "நல்லது" என்பார்கள். புனலும் சோதனைக்குழாயும் வைத்து ஆக்சிஜன் குமிழியைக் காட்டியவர்கள் நாம்தானே! ஆனால் மூடிய தெர்மாகோல் பெட்டிக்குள் இருட்டு. ஒளிச்சேர்க்கை நடக்காது, சுவாசம் மட்டும் நடக்கும். செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டைஆக்சைடை விடும். இலை அழுகினால் இன்னும் மோசம். செடியைத் தனியாக, தண்ணீரே இல்லாமல், ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பாலிதீன் பையில் மூடி அனுப்ப வேண்டும். ஈரம் இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வேலிஸ்நேரியா போன்ற மெல்லிலைச் செடிகள் கொஞ்சம் வாடும், ஜாவா ஃபெர்ன் அசையாது. வந்ததும் நன்றாக அலசி, இலையடியில் நத்தை முட்டை இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை.

செடிப் பயணத்துக்கு நேர் எதிரான வழியும் வரலாற்றில் உண்டு. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, 1829இல் ஒரு மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் பெரணி தானே முளைத்து வளர்வதைக் கவனித்தார். 1833இல் அப்படி மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்துச் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக்கணக்கான பயணம், செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. பெட்டி கப்பலின் மேல்தளத்தில் வெளிச்சத்தில் இருந்ததுதான் அதன் உயிர்நாடி. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தொட்டியில் கோல்டு ஃபிஷ்ஷையும் வேலிஸ்நேரியாவையும் சேர்த்து வைத்தார். அழுகும் இலையால் நீர் கெட்டது. அதைத் தின்ன நத்தைகளைச் சேர்த்தபின் தொட்டி நிலைபெற்றது. ஒளி இருக்கும் தொட்டியில் செடி மீனுக்குத் துணை, இருட்டுப் பெட்டியில் போட்டி.

மீன் நலமாக வந்து இறங்கிவிட்டது என்று வையுங்கள். அப்புறமும் "ஒரு வாரத்தில் செத்துப் போச்சு" என்ற கதை இருக்கிறதே, அதற்கு வருகிறேன். குற்றவாளி மறுபடியும் அம்மோனியாதான். நிலைபெற்ற தொட்டியில் ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் நாம் போடும் அம்புக்குறிகள்தான் அவை. நேற்று கழுவி நிரப்பிய பளபளப்பான தொட்டியில் அந்தப் பாக்டீரியா கிடையாது. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே மீன் வருவதற்கு முன்பே, ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சையோ ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லையோ வாங்கி வந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அதைக் கழுவிவிடாதீர்கள், உறை செத்துவிடும். தொட்டிக்கான குழாய் நீரையும் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். முதலில் நான்கைந்து மீன் போதும். முதல் வாரம் தீனியும் கையளவு கூடாது, சிட்டிகை அளவுதான். "எங்களுக்கும் ஒரு முறை போட விடுங்க மிஸ்" என்று நாற்பது பேர் நிற்பார்கள். முறை வைத்துவிடுங்கள், ஒரு நாளைக்கு ஒருவர்.

பணிமாறுதலில் போகும் ஆசிரியர்கள் சிலர் சொந்தத் தொட்டியையும் எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்கும் இதே விதிதான். தொட்டிக் கண்ணாடியைவிட ஃபில்டர் ஸ்பாஞ்ச் விலை மதிப்புள்ளது. அதைத் தொட்டி நீரில் நனைத்து, நீரில் மூழ்காமல், காற்றுள்ள பையில் ஈரமாகக் கொண்டுபோங்கள். அந்தப் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

கடைசியாக, விடுமுறை. ஏப்ரல் மாதம் தொட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல், நல்லெண்ணத்தோடு மீனையும் செடியையும் ஊர் ஏரியில் விட்டுவிடும் பள்ளிகள் உண்டு. பிள்ளைகளும் கைதட்டி வழியனுப்புவார்கள். இதைச் செய்யவே கூடாது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டியில் விரலளவு இருக்கும். ஏரியில் முழங்கை நீளம் வளரும். கரையில் வளை தோண்டும். அதன் முரட்டு ஓட்டில் சிக்கி வலை கிழிகிறது என்று தமிழ்நாட்டு ஏரி மீனவர்கள் நொந்துகொள்கிறார்கள். வெங்காயத்தாமரையும் அழகுச் செடியாகத்தான் இந்த நாட்டுக்குள் வந்தது; இன்று அதை அள்ளுவதற்குப் பொக்லைன் வருகிறது. தொட்டியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வேற்று நாட்டவை. கோல்டு ஃபிஷ் சீனாவிலிருந்தும், கப்பி தென் அமெரிக்காவிலிருந்தும், ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கத்திலிருந்தும் வந்தவை. நம் நாட்டு மீன் வேண்டுமென்றால் வரிக்குதிரை மீன் இருக்கிறது. மலிவு, தாக்குப்பிடிக்கும், உலக ஆய்வுக்கூடங்களிலும் அதுதான் நீந்துகிறது. எதுவாக இருந்தாலும், மார்ச் மாதமே முடிவு செய்துவிடுங்கள்: வீட்டில் தொட்டி உள்ள ஓர் ஆசிரியரோ மாணவரோ, அல்லது வாங்கிய கடையோ. பல கடைக்காரர்கள் நலமாக உள்ள மீனைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

வெளியே வராந்தாவில் சிலிண்டரும் பைகளும் வைத்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு வாருங்கள். மீன் இல்லாமல், வெறும் தண்ணீரை வைத்தே ஆளுக்கொரு பை கட்டிப் பார்ப்போம். ரப்பர் பேண்டு சுற்றுவது பார்க்கும் அளவுக்கு எளிதில்லை, முதல் பை எல்லாருக்கும் கசியும். துண்டு கொண்டுவந்தவர்கள் முன்னால் நில்லுங்கள்.